வீட்டுக் கணினிக்கு அதிவேக நெட்வொர்க் கார்டு: காசு கொடுக்கும் முன் தடை எங்கே என்று பாருங்கள்

திருமணப் படப்பிடிப்பு, கோயில் திருவிழா நேரலை, யூடியூப் அலைவரிசை, புகைப்பட ஆல்பம் என்று வீட்டிலிருந்தபடியே தொழில் செய்யும் நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பொதுவான ஒரு தலைவலி உண்டு. எடுத்த காணொளியை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதற்குள் பொழுது விடிந்துவிடுகிறது.

இது வெறும் பொறுமைப் பிரச்சினை இல்லை. நகலெடுக்க ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றால், களைத்துப்போய் வீடு திரும்பியவர் “நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்” என்று படுத்துவிடுவார். அந்த ஒரே ஹார்ட் டிஸ்க் மறுநாள் பழுதானால் போனது போனதுதான். முகூர்த்தத்தை மறுபடி எடுக்க முடியாது. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் கெட்ட பெயர் போகாது.

தொழில் செய்யாத குடும்பங்களுக்கும் இதே கவலை வந்திருக்கிறது. 2021 ஜூன் 1 முதல் கூகுள் ஃபோட்டோஸ் வரம்பில்லா இலவசச் சேமிப்பை நிறுத்திவிட்டது. இப்போது இலவசமாகக் கிடைப்பது 15 கிகாபைட்; அதையும் ஜிமெயிலோடும் டிரைவோடும் பகிர்ந்துகொள்ள வேண்டும். அதனால் பலர் பழைய கணினி ஒன்றில் பெரிய ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்தி, வீட்டில் உள்ள அனைவரும் படங்களைச் சேர்த்து வைக்கும் இடமாக்கியிருக்கிறார்கள். வீட்டுச் சர்வர் என்பது இதுதான்.

இந்தச் சர்வர் மெதுவாக இருக்கிறது என்று யாரிடமாவது சொன்னால், “10 கிகாபிட் கார்டு போடுங்கள்” என்ற ஆலோசனை உடனே வரும். போடலாம். ஆனால், அந்தக் கார்டு உங்கள் வீட்டில் எதை மாற்றும், எதை மாற்றாது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

கிகாபிட் வேறு, கிகாபைட் வேறு

கணினியில் கேபிளைச் செருகும் இடத்தை இயக்குவதுதான் நெட்வொர்க் கார்டு. தமிழில் பிணைய அட்டை எனலாம். ஆனால் லோயாட் பிளாசாவிலோ சிம் லிம் ஸ்குவேரிலோ ‘நெட்வொர்க் கார்டு’ என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். பெரும்பாலான கணினிகளில் இது மதர்போர்டிலேயே இருக்கும். அதன் வேகம் பொதுவாக வினாடிக்கு 1 கிகாபிட்.

இங்கேதான் முதல் குழப்பம். நெட்வொர்க் வேகத்தைப் பிட் கணக்கில் சொல்வார்கள். கோப்பின் அளவைப் பைட் கணக்கில் சொல்வார்கள். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 1 கிகாபிட் என்றால் வினாடிக்கு 125 மெகாபைட். வழிச்செலவு போக, நடைமுறையில் கைக்கு வருவது சுமார் 110 மெகாபைட். இதே கணக்கில் 2.5 கிகாபிட் கார்டு சுமார் 280 மெகாபைட்டும், 10 கிகாபிட் கார்டு சுமார் 1,100 மெகாபைட்டும் தரும்.

இணைய வேகம் கூடுமா?

கூடாது. கடைக்குப் போகும் முன் தெளிவாக்கிக்கொள்ள வேண்டிய முதல் விஷயம் இது. உங்கள் இணையச் சந்தா 300 மெகாபிட் என்றால், எந்தக் கார்டைப் போட்டாலும் இணையத்திலிருந்து வருவது அதே 300 தான். கார்டு வேகப்படுத்துவது வீட்டுக்குள் ஒரு கணினிக்கும் இன்னொரு கணினிக்கும் இடையிலான போக்குவரத்தை மட்டுமே.

இதில் தோட்டப்புற மக்களுக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. வீட்டு நெட்வொர்க்குக்கு இணையமே தேவையில்லை. ஃபைபர் கேபிள் இன்னும் வந்து சேராத தோட்டத்தில், கைப்பேசிக் கோபுரத்தை மட்டும் நம்பியிருக்கும் வீட்டிலும், இரண்டு கணினிகளுக்கு இடையே 10 கிகாபிட் வேகத்தில் கோப்புகளை மாற்ற முடியும்.

சிங்கப்பூர் வாசகர்களின் நிலைமை சற்று வேறு. நாடு தழுவிய அகன்ற அலைவரிசைக் கட்டமைப்பை 10 கிகாபிட் வேகத்துக்கு உயர்த்த, 10 கோடி சிங்கப்பூர் வெள்ளி வரை செலவிடப்படும் என்று அந்நாட்டு அரசு 2024-இல் அறிவித்தது. 10 கிகாபிட் சந்தா எடுத்திருப்பவரின் கணினியில் 1 கிகாபிட் இணைப்பு மட்டும் இருந்தால், அந்தக் கணினிக்குக் கிடைப்பதும் 1 கிகாபிட்தான். அவருக்குக் கார்டு மாற்றுவதில் நேரடிப் பலன் உண்டு. ஆனால் ரூட்டரில் உள்ள எல்லாத் துளைகளும் 10 கிகாபிட் கொண்டவையா, ஒன்று மட்டுமா என்று பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

ஒரு கல்யாணத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மூன்று கேமராக்கள், ஒவ்வொன்றிலும் நான்கு மணி நேரப் பதிவு என்று வைத்துக்கொள்வோம். 4கே தரத்தில் வினாடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிவானால், ஒரு மணி நேரத்துக்கு 45 கிகாபைட். மொத்தம் 540 கிகாபைட். இதை எடிட்டிங் கணினியிலிருந்து சர்வருக்கு அனுப்ப வேண்டும்.

1 கிகாபிட் இணைப்பில் ஏறக்குறைய 82 நிமிடம் ஆகும். 2.5 கிகாபிட்டில் 32 நிமிடம். 10 கிகாபிட்டில் 8 நிமிடம்.

காகிதத்தில் கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சர்வரில் இருப்பது ஒரு சாதாரண ஹார்ட் டிஸ்க் என்றால், அதனால் வினாடிக்குச் சுமார் 200 மெகாபைட்தான் எழுத முடியும். கணினிகளை இணைக்கும் கேபிள் எவ்வளவு வேகமாகக் கொண்டுவந்து கொட்டினாலும், வாங்கி வைப்பவர் அந்த வேகத்தில்தான் அடுக்குவார். அப்போது 540 கிகாபைட்டுக்கு 45 நிமிடம் ஆகும். 2.5 கிகாபிட் கார்டு போட்டாலும் 45 நிமிடம். 10 கிகாபிட் கார்டு போட்டாலும் அதே 45 நிமிடம்.

இன்னொரு இடத்தையும் கவனியுங்கள். கேமராவின் மெமரி கார்டை நேராகச் செருகி, அங்கிருந்தே சர்வருக்கு நகலெடுப்பவர்கள் உண்டு. யுஎச்எஸ்-1 வகை மெமரி கார்டின் உச்ச வேகம் வினாடிக்கு 104 மெகாபைட். அதாவது இப்போதுள்ள 1 கிகாபிட் நெட்வொர்க்கே அதற்குப் போதும். இவர் நெட்வொர்க் கார்டை மாற்றினால் ஒரு நிமிடம்கூட மிச்சமாகாது. இவருக்குத் தேவை யுஎச்எஸ்-2 மெமரி கார்டும் அதைப் படிக்கும் ரீடரும். கேமரா அந்த வகையை ஆதரிக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆக, தரவு செல்லும் பாதையில் எது மிக மெதுவோ அதுதான் மொத்த வேகத்தையும் தீர்மானிக்கிறது. சாட்டா வகை எஸ்எஸ்டி வினாடிக்குச் சுமார் 550 மெகாபைட் தரும். என்விஎம்இ வகை எஸ்எஸ்டி ஆயிரக்கணக்கில் தரும். இரண்டு முனையிலும் என்விஎம்இ, அல்லது சர்வரில் பல ஹார்ட் டிஸ்க்குகள் ஒன்றாக இணைந்து இயங்கும் அமைப்பு இருந்தால்தான் 10 கிகாபிட்டுக்கு வேலை இருக்கும். மலிவு விலை எஸ்எஸ்டிகள் முதல் சில பத்து கிகாபைட்டை வேகமாக வாங்கிக்கொண்டு, பிறகு மூச்சு வாங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டரையா, பத்தா?

ஒன்றிரண்டு ஹார்ட் டிஸ்க் உள்ள வீட்டுச் சர்வருக்கு 2.5 கிகாபிட்டே போதும். அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, விலை. ரியல்டெக் ஆர்டிஎல்8125 சில்லு கொண்ட 2.5 கிகாபிட் கார்டுகள் நூறு ரிங்கிட்டுக்கும் குறைவாகவே கிடைக்கின்றன. 10 கிகாபிட் கேபிள் கார்டு புதிதாக வாங்கினால் சில நூறு ரிங்கிட் ஆகும். அதோடு சுவிட்ச் செலவும் சேரும்.

இரண்டாவது, கேபிள். 2.5 கிகாபிட் வேகத்துக்கான தரநிலை 2016-இல் வெளிவந்தது. ஏற்கெனவே சுவருக்குள் போட்டிருக்கும் கேட் 5இ கேபிளிலேயே 100 மீட்டர் வரை ஓடும்படி அது வகுக்கப்பட்டது. 10 கிகாபிட்டுக்கு அந்த உறுதி இல்லை. கேட் 6 கேபிளில் நல்ல சூழலில் 55 மீட்டர் வரை, கேட் 6ஏ கேபிளில் 100 மீட்டர் வரை ஓடும். தாமான் வீட்டில் சுவரை உடைத்துக் கேபிள் மாற்றும் செலவு, கார்டின் விலையைவிடப் பல மடங்கு.

மூன்றாவது, மடிக்கணினி. அதில் கார்டு செருக இடம் இல்லை. ஆனால் 2.5 கிகாபிட்டுக்கு யுஎஸ்பி 3.0 அடாப்டரே கிடைக்கிறது, செருகினால் போதும்.

எதை வாங்கினாலும் இரண்டு முனையிலும் அந்த வேகம் இருக்க வேண்டும். சர்வருக்கு மட்டும் கார்டு வாங்கி, பழைய 1 கிகாபிட் ரூட்டரில் செருகினால் கிடைப்பது 1 கிகாபிட்தான்.

கார்டுக்கு இடம் இருக்கிறதா?

கணினிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மதர்போர்டில் நீளமான செருகுதுளைகள் தெரியும். இவற்றுக்குப் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்று பெயர். இதில் எக்ஸ்1, எக்ஸ்4, எக்ஸ்16 என்று அளவுகள் உண்டு. எண், அந்தத் துளைக்கு எத்தனை தடங்கள் என்பதைச் சொல்கிறது. மூன்றாம் தலைமுறையில் ஒரு தடத்தின் வேகம் வினாடிக்குச் சுமார் 985 மெகாபைட். இரண்டாம் தலைமுறையில் 500.

2.5 கிகாபிட் கார்டுக்குச் சிறிய எக்ஸ்1 துளை போதும். 10 கிகாபிட்டுக்கு வினாடிக்கு 1,250 மெகாபைட் வேண்டும். ஆகவே எக்ஸ்4 துளையாவது இருக்க வேண்டும். எடிட்டிங் கணினியில் பெரிய துளையைக் கிராஃபிக்ஸ் கார்டு பிடித்துக்கொண்டிருக்கும். கீழே இன்னொரு நீளத் துளை இருந்தாலும், பார்க்கத்தான் எக்ஸ்16. உள்ளே நான்கு தடமோ ஒரு தடமோ மட்டும் இணைத்திருப்பார்கள். மதர்போர்டின் கையேட்டில் இது எழுதியிருக்கும். அங்கே கார்டு செருகினால் சில சாட்டா துளைகள் வேலை செய்யாது என்ற குறிப்பும் சில கையேடுகளில் இருக்கும். அதைப் படிக்காமல் கார்டைப் போட்டுவிட்டு, ஹார்ட் டிஸ்க்கைக் காணோமே என்று தேடக் கூடாது.

அலுவலகங்கள் கழித்துவிட்ட, புதுப்பித்து விற்கப்படும் சிறிய கணினிகளைச் சர்வராக வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்தப் பெட்டிகளுக்குக் குட்டையான உலோகத் தகடு கொண்ட கார்டுதான் பொருந்தும். கார்டோடு இரண்டு தகடும் வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

பழைய சர்வர் கார்டு: மலிவுக்குப் பின்னால்

இணையச் சந்தையில் பழைய 10 கிகாபிட் கார்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. இன்டெல் எக்ஸ்520, இன்டெல் எக்ஸ்540, மெல்லனாக்ஸ் கனெக்ட்எக்ஸ்-3 ஆகியவை அடிக்கடி கண்ணில் படும். பெரிய நிறுவனங்களின் சர்வர்களில் உழைத்து ஓய்வுபெற்றவை இவை. நல்ல கார்டுகள்தான். ஆனால் நான்கு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, சூடு. சர்வர் பெட்டிக்குள் பலமான விசிறிகள் ஓயாமல் காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கும். அதை நம்பித்தான் இந்தக் கார்டுகள் விசிறி இல்லாமல் செய்யப்பட்டன. குளிர்சாதனம் இல்லாத நம் வீட்டு அறையில், காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் இவை கொதிக்கும். வேலை நடுவே இணைப்பு அறுந்துபோகும். கார்டின் மேல் காற்று படும்படி ஒரு சிறிய விசிறியைப் பொருத்துவது அவசியம்.

இரண்டு, இடைப்பட்ட வேகம். எக்ஸ்540 கார்டுக்கு 10 கிகாபிட் தெரியும், 1 கிகாபிட் தெரியும், 2.5 தெரியாது. 2.5 கிகாபிட் சுவிட்ச்சில் அதைச் செருகினால் 1 கிகாபிட்டுக்கு இறங்கிவிடும். காசு கொடுத்து வாங்கியும் பழைய வேகமே கிடைக்கும்.

மூன்று, கேபிள் வகை. எக்ஸ்520, கனெக்ட்எக்ஸ்-3 போன்றவற்றில் வழக்கமான நெட்வொர்க் கேபிளைச் செருக முடியாது. அவற்றில் இருப்பது எஸ்எஃப்பி பிளஸ் எனப்படும் சதுரத் துளை. பக்கத்திலேயே இருக்கும் இரு கணினிகளை ‘டாக்’ என்ற செம்புக் கேபிளால் இணைக்கலாம். அதிகச் சூடும் இருக்காது, செலவும் குறைவு. தூரம் சில மீட்டரைத் தாண்டினால் ஒளியிழைக் கேபிளும் அதற்கான இணைப்பியும் வேண்டும். எக்ஸ்520 எல்லா நிறுவனத்தின் இணைப்பியையும் ஏற்காது. பொருந்தும் என்று விற்பவரிடம் உறுதி கேளுங்கள்.

நான்கு, டிரைவர் மென்பொருள். லினக்ஸ் சார்ந்த சர்வர்கள் இந்தக் கார்டுகளைப் பெரும்பாலும் தாமாகவே அடையாளம் காணும். விண்டோஸ் 11 கணினியில் போடுவதாக இருந்தால், தயாரிப்பாளரின் தளத்தில் அதற்கான டிரைவர் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். இன்டெல் பெயரில் போலிக் கார்டுகளும் சந்தையில் உலவுகின்றன. நம்பமுடியாத விலைக்கு ‘புத்தம் புதியது’ என்று வந்தால் யோசியுங்கள்.

பொருத்துவது எப்படி?

கணினியை அணைத்து, மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். பிறகு பவர் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும். பெட்டியின் உலோகப் பகுதியைக் கையால் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பின்பக்கத் தகட்டைக் கழற்றி, கார்டைத் துளைக்கு நேராக வைத்து, சீராக அழுத்தித் திருகை முடுக்குங்கள். கணினியை இயக்கி, டிரைவரை நிறுவுங்கள். இவ்வளவுதான் வேலை, பழகியவருக்குக் கால்மணி நேரம் போதும்.

சுவிட்ச் வாங்கப் பணம் இல்லையென்றால் இரண்டு கணினிகளையும் ஒரே கேபிளால் நேராக இணைத்துக்கொள்ளலாம். வீட்டுத் தொழிலுக்கு இதுவே மலிவான வழி. அப்போது புதிய கார்டுகளுக்கு ஐபி எண்ணை நீங்களே கொடுக்க வேண்டும். சர்வருக்கு 10.10.10.1, எடிட்டிங் கணினிக்கு 10.10.10.2, இரண்டுக்கும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0. கேட்வே என்ற இடத்தைக் காலியாக விடுங்கள். இணையம் வழக்கம்போல் பழைய கேபிள் வழியாகவே வரும்.

இங்கே பலர் சறுக்கும் இடங்கள் இரண்டு. புதிய கார்டுக்கும் ரூட்டர் தரும் எண் வரிசையிலேயே எண் கொடுத்தால், கோப்புகள் பழைய மெதுவான வழியில் போகக்கூடும். ஆகவே வேறு வரிசை எண் கொடுத்து, சர்வரின் பகிர்வுக் கோப்புறையைத் திறக்கும்போதும் 10.10.10.1 என்ற எண்ணையே பயன்படுத்துங்கள். அடுத்து, கேட்வே இல்லாத இணைப்பை விண்டோஸ் ‘பொது நெட்வொர்க்’ என்று கருதி, கோப்புப் பகிர்வைத் தடுத்துவிடும். அதைத் தனிப்பட்ட நெட்வொர்க் என்று மாற்ற வேண்டும்.

அளந்து பாருங்கள்

ஐபெர்ஃப்3 என்ற இலவச மென்பொருளை இரண்டு கணினிகளிலும் ஓட்டினால், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் நெட்வொர்க்கின் வேகத்தை மட்டும் அளந்து சொல்லும். 1 கிகாபிட் இணைப்பில் சுமார் 940 மெகாபிட், 2.5-இல் சுமார் 2.35 கிகாபிட், 10-இல் சுமார் 9.4 கிகாபிட் வந்தால் நெட்வொர்க்கில் குறையில்லை.

இந்த எண் சரியாக வந்தும் கோப்பு மெதுவாகவே நகர்ந்தால், தடை ஹார்ட் டிஸ்க்கில்தான். எண்ணே குறைவாக வந்தால் கேபிளையும் துளையையும் டிரைவரையும் சோதியுங்கள். ஆயிரக்கணக்கான சிறு புகைப்படங்கள், ஒரே பெரிய காணொளியைவிட மெதுவாகப் போவது இயல்பு. அதைக் கண்டு கார்டைக் குறை சொல்ல வேண்டாம்.

இந்தச் சோதனையைக் கார்டு வாங்கும் முன்பே இப்போதுள்ள இணைப்பில் செய்து பார்ப்பது இன்னும் நல்லது. நகலெடுக்கும் வேகம் வினாடிக்கு 110 மெகாபைட்டைத் தொட்டு அங்கேயே நின்றால், நெட்வொர்க்தான் தடை, கார்டு உதவும். 60, 70 என்று தடுமாறினால் தடை வேறெங்கோ இருக்கிறது.

மின்னலை மறக்க வேண்டாம்

இடி மின்னல் அதிகம் தாக்கும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. வீட்டிலிருந்து, தனியாகக் கட்டிய ஸ்டூடியோ அறைக்கோ பின்புறக் கொட்டகைக்கோ வெட்டவெளியில் செம்புக் கேபிள் இழுத்திருந்தால், மின்னல் பாய்ச்சல் அதன் வழியாக உள்ளே வந்து இரு முனைக் கணினிகளையும் சேதப்படுத்தலாம். அத்தகைய இடத்துக்கு ஒளியிழைக் கேபிளே பாதுகாப்பு. அதில் செல்வது ஒளி, மின்சாரம் பாயாது. எஸ்எஃப்பி பிளஸ் கார்டு வாங்க இது ஒரு நல்ல காரணம்.

இரண்டாவது நகல்

கார்டு தரவைப் பாதுகாக்காது. நகலெடுக்கும் நேரத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். ஆனால் 82 நிமிடம் 45 ஆகவோ 32 ஆகவோ குறைந்தால், குளித்துச் சாப்பிட்டு முடிப்பதற்குள் நகல் தயாராகிவிடும். அப்போது நாளைக்குத் தள்ளிப்போடக் காரணம் இருக்காது.

கணினித் துறையினர் சொல்லும் 3-2-1 விதி எளிமையானது: மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே. கேமரா கார்டை அழிக்கும் முன் எடிட்டிங் கணினியில் ஒன்று, சர்வரில் ஒன்று, உறவினர் வீட்டில் வைக்கும் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

கையில் இருநூறு ரிங்கிட் மட்டுமே இருந்து, இதுவரை இரண்டாவது நகல் எடுக்கும் பழக்கமே இல்லையென்றால், கார்டை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அந்தப் பணத்துக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள்.